சென்னையிலிருந்து ஜித்தா: தூரமும் நேரமும்

உம்ராவுக்குப் புறப்படும் ஒருவரின் கையில் இரண்டு விமானச் சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சீட்டில் சென்னையில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் பிற்பகல் 3 மணிக்கு வருகை. இரண்டாம் சீட்டில் ஜித்தாவில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் இரவு 7.30 மணிக்கு வருகை. போவதற்கு மூன்று மணி நேரம், வருவதற்கு ஏழரை மணி நேரம் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இடையில் இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு என்று தெரிந்தவர் உடனே கணக்கைத் திருத்திவிடுவார்: போவதற்கு ஐந்தரை மணி, வருவதற்கு ஐந்து மணி. ஆனால் இத்திருத்தத்தோடு செய்தி முடிந்துவிடுவதில்லை. ஒரே தூரத்திற்குப் போகும்போது ஏன் அரை மணி நேரம் கூடுகிறது? அந்தத் தூரம் என்பதுதான் எது? வானத்தில் இருக்கும் ஐந்து மணி நேரத்தில் எத்தனை தொழுகை நேரங்கள் வந்து போகின்றன? இஹ்ராமுக்குரிய எல்லை எந்த நிமிடத்தில் கடக்கப்படுகிறது? இவை அனைத்தும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். கடைசிக் கேள்விக்குத் தவறாக விடை கண்டவர் பரிகாரப் பலி கொடுக்க வேண்டியவராகிறார் என்பதால், இவற்றை ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டிலும் 80.2 பாகை கிழக்கு நெடுங்கோட்டிலும் உள்ளது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் 21.7 பாகை வட அகலக்கோட்டிலும் 39.2 பாகை கிழக்கு நெடுங்கோட்டிலும் உள்ளது. உருண்டையான பூமியில் இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். வட துருவத்தை மூன்றாம் புள்ளியாகக் கொண்டு ஒரு கோள முக்கோணம் வரைந்தால், துருவத்திலிருந்து சென்னை 77 பாகை, துருவத்திலிருந்து ஜித்தா 68.3 பாகை, இவ்விரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 41 பாகை. இரு பக்கங்களும் இடைக்கோணமும் தெரிந்தால் மூன்றாம் பக்கத்தைக் கண்டுவிடலாம். அது கிட்டத்தட்டச் சரியாக 40 பாகை வருகிறது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 2,400 கடல் மைல். கிலோமீட்டரில் ஏறத்தாழ 4,450.

இந்தக் கணக்கில் நமக்கு அயலானது எதுவுமில்லை. ஜித்தாவுக்குப் பதிலாக மக்காவை வைத்து, மூன்றாம் பக்கத்திற்குப் பதிலாகச் சென்னையில் அமையும் கோணத்தைக் கண்டால் கிடைப்பது கிப்லாவின் திசை. விமானிக்கு வேண்டிய தூரமும் தொழுபவருக்கு வேண்டிய திசையும் ஒரே முக்கோணத்தின் இரு உறுப்புகள். நம் பேச்சு வழக்கில் கிப்லா என்றால் மேற்கு என்று சொல்லிவிடுகிறோம். கணக்கோ சென்னையில் அதனை நேர் மேற்கிலிருந்து வடக்கே 18 பாகை தள்ளிக் காட்டுகிறது. ஜித்தாவுக்கான குறுகிய வழியும் சென்னையிலிருந்து ஏறத்தாழ அதே 18 பாகை வடமேற்கில்தான் தொடங்குகிறது. ஆகவே மீனம்பாக்கத்தில் மேலெழுந்து தன் வழியைப் பிடித்துக்கொண்ட விமானத்தில், மூக்கின் திசையும் கிப்லாவின் திசையும் ஏறக்குறைய ஒன்றே. போகப் போக அத்திசை மேற்கு நோக்கி மெல்லத் திரும்பி, ஜித்தாவை நெருங்கும்போது மேற்கிலிருந்து வடக்கே ஆறு பாகையளவே இருக்கும். நேர்வழியில் செல்பவனின் திசைமானி முள் இப்படி மாறிக்கொண்டே இருப்பது முரணாகத் தோன்றலாம். உருண்டையின் மேல் நேர்வழி என்பதன் இயல்பு அதுவே. தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, திசை மாறாமல் அக்கோட்டின் வழியே சென்றாலும் ஜித்தாவை அடையலாம். இங்கு அதனால் கூடும் தூரம் 15 கிலோமீட்டருக்குள்தான். இரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இருப்பதே காரணம். தில்லியிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் இவ்விரு கோடுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டராகப் பெருகிவிடும்.

இக்கோள முக்கோணக் கணிதத்தை வளர்த்தெடுத்தோர் வரலாற்றை இங்கு முழுமையாகச் சொல்ல இடமில்லை. ஆயினும் இருவர் செய்ததைச் சொல்லாமல் மேலே செல்வது நன்றாயிராது. கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813-833) வானியலாளர் குழு ஒன்று சிஞ்சார் சமவெளியில் நின்று துருவ உயரத்தை அளந்தது. பின்னர் ஒரு சாரார் வடக்கேயும் ஒரு சாரார் தெற்கேயும், அவ்வுயரம் ஒரு பாகை மாறும்வரை நிலத்தை அளந்துகொண்டே நடந்தனர். ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் புகழ்பெற்றது. அரபு மைல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு என்று கொண்டால், இது இன்று நாம் கூறும் 111 கிலோமீட்டருக்கு மிக அருகில் நிற்கிறது. அல்ஃபர்கானியின் நூல் வழியாக ஐரோப்பாவை எட்டிய இதே எண்ணைக் கொலம்பஸ் அரபு மைலாகக் கொள்ளாமல், அதைவிடக் குறுகிய ரோமானிய மைலாகக் கொண்டார். அதனால் பூமி உள்ளதைவிடச் சிறியது என்றும், மேற்கே கப்பலோட்டினால் ஆசியா அருகிலேயே கிடைக்கும் என்றும் நம்பினார். மைல் என்ற ஒரு சொல்லின் பொருள் பிசகியது உலக வரலாற்றில் எங்கே கொண்டு விட்டது பாருங்கள்.

மற்றவர் அபூரைஹான் அல்பீரூனி (973-1048). கஸ்னியிலிருந்து கிப்லா எத்திசையில் உள்ளது என்னும் ஒரே கேள்விக்கு விடை காண அவர் ஒரு முழு நூலையே எழுதினார். இடங்களின் எல்லைகளை வரையறுப்பது பற்றிய அந்நூல் 1025இல் நிறைவுற்றது. அகலக்கோட்டை விண்மீன்களைக் கொண்டு எளிதில் காணலாம். நெடுங்கோட்டு வேறுபாடுதான் அக்காலத்தில் பெரும் இடர். பக்தாதிலிருந்து கஸ்னிவரை இடையிலுள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒட்டக வணிகர் சொன்ன வழித்தூரங்களை அவர் திரட்டினார். வழி வளைந்தும் நெளிந்தும் செல்வதற்காக அவற்றில் ஒரு பங்கைக் கழித்தார். எஞ்சியதைக் கோள முக்கோணத்தில் இட்டு நெடுங்கோட்டு வேறுபாட்டை வருவித்தார். இன்று நாம் ஆயங்களைக் கொண்டு தூரத்தைக் காண்கிறோம். அவர் தூரத்தைக் கொண்டு ஆயங்களைக் கண்டார். பாதை எதிரெதிர், கணிதம் ஒன்றே.

இனி, காகிதத்தில் வரைந்த இப்பெருவட்ட வில் எந்தெந்த நிலங்களின் மேல் செல்கிறது என்று பார்ப்போம். சென்னையிலிருந்து தக்காணத்தைக் குறுக்கே கடந்து, கார்வாருக்கும் கோவாவுக்கும் அருகில் மேற்குக் கரையை விட்டு நீங்குகிறது. அதன்பின் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்கு அரபிக்கடல் மட்டுமே. ஓமான் நாட்டின் துக்ம் துறைமுகத்துக்குத் தெற்கே மீண்டும் நிலம் தென்படும். பிறகு அர்ருப்உல் காலீ என்னும் மாபெரும் வெறும்பாலை. சன்னலோரம் அமர்ந்தவர் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக மணலன்றி வேறெதையும் காணமாட்டார். இறுதியில் அக்கோடு தாயிஃபுக்குச் சற்று வடக்கே மலைத்தொடரைக் கடந்து, மக்காவுக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் சென்று ஜித்தாவில் இறங்குகிறது. இது கணிதம் வரைந்த கோடு. மக்கா நகரின் மேல் பயணிகள் விமானங்கள் பறப்பதில்லை. மேலும் விமானங்கள் வான்வழித் தடங்களில், ஒரு நாட்டின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அடுத்த நாட்டின் மையத்திற்குக் கைமாறியே செல்கின்றன. எனவே உண்மையில் பறக்கும் தூரம் 4,450 கிலோமீட்டரினும் எப்போதும் சற்று மிகுதியே. அரசியலும் இதில் தலையிடும். 2019இலும் மீண்டும் 2025 ஏப்ரலிலும் பாகிஸ்தான் தன் வானெல்லையை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. சென்னையின் கோடு பாகிஸ்தானைத் தொடாமல் அரபிக்கடலில் செல்வதால் அத்தொல்லை இவ்வழிக்கு வாய்க்கவில்லை.

தூரம் இவ்வாறிருக்க, நேரம் வேறொரு கதை. பெரிய விமானங்கள் சுற்றியுள்ள காற்றைச் சார்ந்து மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. சுற்றியுள்ள காற்றைச் சார்ந்து என்பதே இங்கு முக்கியம். காற்று எதிரே மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினால் நிலத்தைச் சார்ந்த வேகம் 850 ஆகும். பின்னிருந்து வீசினால் 950. நம் 4,450 கிலோமீட்டருக்கு முன்னது 5 மணி 14 நிமிடம், பின்னது 4 மணி 41 நிமிடம். அரை மணி நேர வேறுபாடு இதிலேயே வந்துவிடுகிறது. ஓடுபாதையை நோக்கி ஊர்வதற்கும், மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் மெதுவான கட்டங்களுக்கும் இன்னுமோர் அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் மேலடுக்குக் காற்றால் போகும் பயணம் நீளும், திரும்பும் பயணம் சுருங்கும் என்பதே பொது விதி. குளிர்காலத்தில் இது முற்றிலும் உண்மை. ஆனால் தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவுக்கும் அரபிக்கடலுக்கும் மேலே நிலைமை தலைகீழாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்றோட்டம் நிலைகொள்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதனை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. எனினும் அதன் கீழ்விளிம்பு 11, 12 கிலோமீட்டர் உயரத்திலேயே விமானத்தைத் தள்ளத் தொடங்கிவிடும்.

இங்கே ஹஜ்ஜின் நாள்காட்டியை நினைவுகூர வேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே ஹஜ் 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அமைந்த ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் குளிர்கால மேலைக்காற்றை எதிர்த்துப் பறந்தனர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஹஜ் ஆகஸ்டில் அமைந்தது. ஜூலை இறுதியில் சென்னையிலிருந்து புறப்பட்டோரைக் கீழைத் தாரைக்காற்று பின்னிருந்து தாங்கியது. ஆக, போகும் நேரம் கூடுதலா குறைவா என்பதைப் பிறையும் பருவமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அட்டவணையில் அச்சிட்ட நேரம் ஒரு சராசரி, அவ்வளவே.

பாய்மரக் காலத்தில் இக்காற்றே அனைத்துமாக இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றில் இந்தியக் கரையிலிருந்து அரபகம் செல்வதும் தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்புவதும் வழக்கம். பருவம் என்னும் பொருள்படும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் மான்சூன் ஆயிற்று. ஹஜ் காலத்தையும் அரபியர் மவ்ஸிம் என்றே அழைப்பர். ஆனால் கடலின் மவ்ஸிம் சூரியனைச் சார்ந்தது, ஹஜ்ஜின் மவ்ஸிம் சந்திரனைச் சார்ந்தது. இரண்டும் பொருந்தாத ஆண்டுகளில் ஹாஜி பல மாதங்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் பெருமாலுமி இப்னு மாஜித் போன்றோர் கடல் தூரத்தை ஸாம் என்னும் அலகால் குறித்தனர். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம். எட்டு ஸாம் ஒரு நாள். நம் சாமமும் மூன்று மணி நேரமே. ஒரு ஸாம் ஏறத்தாழ 12 கடல் மைல் என்று கொண்டால், 2,400 கடல் மைல் 200 ஸாம் ஆகும். அதாவது நல்ல காற்றில் இடைவிடாத 25 நாள். நீராவிக் கப்பல்கள் வந்தபின் பம்பாயிலிருந்து ஜித்தா செல்லும் ஏறத்தாழ இதே அளவு கடல் தூரம், மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் ஒரு வாரமாகச் சுருங்கியது. 1995இல் ஹஜ் கப்பல் போக்குவரத்து நின்றது. வாரம் ஐந்தரை மணி நேரமாயிற்று.

நேரத்தால் தூரத்தை அளக்கும் இவ்வழக்கம் நம் ஃபிக்ஹ் நூல்களிலும் பதிந்துள்ளது. தொழுகையைச் சுருக்குவதற்குரிய தூரத்தை ஹனஃபி மத்ஹப் ஒட்டகத்தின் நடுத்தர நடையில் மூன்று நாள் வழி என்கிறது. ஷாஃபிஈ மத்ஹப் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக், 48 ஹாஷிமி மைல் என்கிறது. இக்காலத்தார் இதனை 80 கிலோமீட்டருக்கு அருகிலும் சற்று மேலுமாகக் கணக்கிடுகின்றனர். நம் விமானம் அத்தூரத்தை ஐந்தாறு நிமிடங்களில் கடந்துவிடும். துன்பமே இல்லாத பயணத்துக்கு இச்சலுகை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இக்கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிட்டது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜ் நூலில் கடல் பயணத்தையும் தரைப் பயணத்தைப் போலவே கொண்டு, அத்தனை மைல்களையும் ஒருவர் ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் அவர் கஸ்ர் செய்யலாம் என்று முடிவு கூறினார். விரைவுக் கப்பலைக்கூடக் காணாத காலத்தில் தூரத்தையும் நேரத்தையும் பிரித்தறிந்த அக்கூர்மை வியப்புக்குரியது. அளவுகோல் தூரமே, நேரம் அன்று. ஆனால் கஸ்ர் தொடங்குவது சொந்த ஊரின் எல்லையைத் தாண்டிய பின்னரே என்பதையும் மறக்கலாகாது. விமான நிலையம் ஒருவரது ஊர் எல்லைக்குள்ளேயே இருப்பின், புறப்பாட்டுக் கூடத்தில் அவர் முழுமையாகத் தொழ வேண்டும். அவர் அருகில் அமர்ந்திருக்கும் தஞ்சாவூர்க்காரரோ அங்கே ஏற்கெனவே பயணி.

தொழுகை நேரங்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் கண்ட இரு சீட்டுகளுக்கே திரும்புவோம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் சூரியக் கணக்கில் உள்ள வேறுபாடு 41 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 2 மணி 44 நிமிடம். தரையில் நிற்பவருக்குச் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. மேற்கே பறப்பவர் ஐந்து மணி நேரத்தில் 41 பாகையைத் தாமே சூரியனோடு சேர்ந்து ஓடிவிடுவதால், அவர் கண்ணுக்குச் சூரியன் மணிக்கு ஏழு பாகையளவே நகரும். பகல் அவருக்கு இரு மடங்காக நீள்கிறது. சென்னையில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டவர் ஜித்தாவில் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும்போது அங்கே அஸர் நேரம் இன்னும் நுழைந்திருக்காது. ஐந்தரை மணி நேரமும் அவருக்கு லுஹருடைய நேரமே. திரும்பும் பயணத்தில் சூரியன் மணிக்கு 23 பாகைக்கு மேல் விரைகிறது. ஜித்தாவில் 12 மணிக்கு எழும்பியவருக்குக் கால் மணி நேரத்தில் லுஹர், அதிலிருந்து இரண்டு மணி நேரம் சென்று அஸர், நான்கு மணி நேரம் ஆனபோது மஃரிப், தரையிறங்கும் வேளையில் இஷாவின் வாசல். கைக்கடிகாரத்தை நம்பியிருப்பவருக்கு இப்பயணத்தில் தொழுகை தவறிப்போவது மிக எளிது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர்க்கு இரு தொழுகைகளை இணைக்கும் ஜம்உ சலுகை இங்கே பெரிதும் கைகொடுக்கும். அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி ஜம்உ இல்லை என்னும் ஹனஃபிகளுக்கு ஒவ்வொரு நேரத்தையும் சன்னல் வழியே கவனித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சன்னலில் தெரியும் சூரியன் தரையில் தெரிவதினின்றும் வேறானது. 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் கண்மட்டத்துக்குக் கீழே மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்திருக்கும். ஆகவே நேர் கீழே உள்ள ஊரில் நோன்பு திறந்து பத்து நிமிடத்துக்கு மேலாகியும் விமானத்தில் சூரியன் மறைந்திருக்காது. மேற்கே பறந்தால் இத்தாமதம் அரை மணி நேரத்தை நெருங்கும். விமானத்தில் இருப்பவர் தமக்குத் தெரியும் சூரியனைக் கொண்டே நோன்பு திறக்க வேண்டும் என்பதே அறிஞர்களின் தீர்ப்பு. 2011இல் துபாயின் புர்ஜ் கலீஃபாவில் எண்பதாம் மாடிக்கு மேல் குடியிருப்போர் இரண்டு நிமிடம் தாமதித்து நோன்பு திறக்குமாறு அறிவிக்கப்பட்டதும் இதே அடிப்படையில்தான். தொடுவானம் தாழும் இக்கோணத்தை முன்பு ஒருவர் குன்றின் மேல் நின்று அளந்தார். அவரும் நம் அல்பீரூனிதான். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டையில், 652 முழ உயரமுள்ள குன்றின் உச்சியிலிருந்து அக்கோணம் 34 கலை என்று கண்டு, அதைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவருக்கு அரைப் பாகையாகத் தெரிந்தது நமக்கு மூன்று பாகைக்கும் மேலாகத் தெரிகிறது.

எஞ்சியிருப்பது மீகாத். ஹஜ், உம்ராவை நாடி மக்கா செல்வோர் இஹ்ராமின்றிக் கடக்கலாகாத எல்லைகளை நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்தார்கள். கப்பலில் சென்ற நம் முன்னோர்க்கு உரியது யலம்லம். பாபுல் மந்தப் வழியாகச் செங்கடலில் நுழைந்து வடக்கே ஜித்தாவை நோக்கிச் செல்லும் கப்பல், மக்காவுக்குத் தெற்கே உள்ள யலம்லமுக்கு நேரே வரும்போது மணி ஒலிக்கும், ஹாஜிகள் இஹ்ராம் கட்டுவர். நம் ஹஜ் வழிகாட்டி நூல்கள் சில, இந்தியர்களின் மீகாத் யலம்லம் என்று இன்றும் எழுதிவருவது அக்கப்பல் காலத்தின் எச்சம். மீகாத் நாட்டுக்கு உரியதன்று, வழிக்கு உரியது. முன்னர் நாம் வரைந்த கோட்டை நினைவில் கொள்ளுங்கள். அது யலம்லமுக்கு அருகில்கூடச் செல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்து, நஜ்துவாசிகளுக்குரிய கர்னுல் மனாஸிலுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் கடந்து செல்கிறது.

விமானம் தடம் மாறிச் சற்று வடக்கே சென்றால்தான் என்ன? பஸ்ராவும் கூஃபாவும் வெற்றிகொள்ளப்பட்டபோது அந்நகரத்தார் உமர் (ரழி) அவர்களிடம் வந்து, கர்ன் தங்கள் வழியில் இல்லை, அங்கே செல்வது சிரமம் என்று முறையிட்டனர். உங்கள் வழியில் அதற்கு நேராக அமையும் இடத்தைப் பாருங்கள் என்று கூறி, தாத்து இர்க்கை அவர்களுக்கு எல்லையாக வகுத்தார்கள் உமர் (ரழி). நேராக அமைதல் என்னும் இக்கோட்பாடுதான் வானத்துக்கும் வழிகாட்டுகிறது. கர்னும் தாத்து இர்க்கும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், ஒன்றின் வடக்கே மற்றொன்றாக அமைந்துள்ளன. கிழக்கிலிருந்து வரும் விமானம் இவற்றில் எதன் பக்கமாகச் சென்றாலும் எல்லையைக் கடப்பது ஜித்தாவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் முன்னால்தான். ஜித்தாவையே விமானப் பயணிகளின் மீகாத்தாகக் கொள்ளலாம் என்று கத்தாரின் ஷெய்க் அப்துல்லாஹ் பின் ஸைத் ஆல் மஹ்மூத் போன்ற சிலர் கருதினர். ஆயினும் 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வானில் மீகாத்துக்கு நேரே வரும்போதே இஹ்ராம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரும்பான்மை அறிஞர்களின் நிலையும் இதுவே. கட்டாமல் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று கட்ட வேண்டும், இல்லையேல் ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும்.

130 கிலோமீட்டர் என்பது நேரத்தில் எவ்வளவு? 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது நிமிடம் என்று கணக்கிட்டால் அது தவறாகும். 11 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் விமானம் நிலையத்துக்கு 200 கிலோமீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழிறங்கத் தொடங்கிவிடும். எல்லைக்கோட்டைக் கடக்கும்போது அது ஏற்கெனவே இறக்கத்தில் இருக்கிறது. கடந்தபின் தரைதொட 15 முதல் 25 நிமிடம் ஆகலாம். இருக்கைப் பட்டையை அணியச் சொல்லும் விளக்கு எரிந்து, எவரும் எழலாகாது என்று பணியாளர்கள் கூறும் வேளை அதுவே. பல விமானங்களில் மீகாத் நெருங்குவதை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். ஆனால் அறிவிப்பைக் கேட்டபின் பையைத் தேடி, குறுகிய கழிவறையின் முன் இருபது பேர் வரிசையில் நின்று உடை மாற்றுவதென்பது நடவாத காரியம். முதியவர் ஒருவர் அவ்வரிசையில் நிற்கும்போதே எல்லை கடந்துபோயிருக்கும். ஆகவே குளித்து, இஹ்ராம் உடையை வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, நிய்யத்தையும் தல்பியாவையும் மட்டும் வானில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் புறப்படும்போதே நிய்யத்தும் செய்துகொள்ளலாம். மீகாத்துக்கு முன்னரே கட்டிய இஹ்ராம் செல்லும் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. முதலில் மதீனா விமான நிலையத்துக்குச் செல்வோர்க்கு இக்கவலை எதுவுமில்லை. அவர்கள் சாதாரண உடையில் சென்று, பின்னர் மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

துபாய் போன்ற இடைநகர் வழியாகச் செல்வோரும் இதே எல்லையைத்தான் கடக்கிறார்கள். சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர், அங்கிருந்து ஜித்தா 1,700. மொத்தத்தில் நேர்வழியைவிட 180 கிலோமீட்டர்தான் கூடுதல், நூற்றுக்கு நான்கு. ஆனால் இரண்டு முறை ஏறி இறங்குவதும் நடுவே காத்திருப்பதும் சேர்ந்து பயண நேரத்தை ஒன்றரை, இரண்டு மடங்காக்கிவிடும். கட்டணம் குறைவதற்காக இவ்வழியைத் தேர்பவர் துபாய் விமான நிலையத்தில் உடை மாற்றிக்கொள்வது வசதியானதே. அங்கிருந்து எழும்பினால் மீகாத் இரண்டு மணி நேரத்திற்குள் வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஹஜ் புறப்பாட்டு நிலையங்களின் எண்ணிக்கை பத்தாகக் குறைக்கப்பட்டு, சென்னை அப்பட்டியலில் இடம்பெறாமல் போனபோது, தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற நேர்ந்தது. கொச்சியிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர். வானில் 280 கிலோமீட்டர் குறைந்து இருபது நிமிடம் மிச்சமாயிற்று. அதற்காகச் சென்னை, வேலூர், கடலூர் மாவட்டங்களின் முதியவர்கள் ஓர் இரவு முழுவதும் இரயிலிலோ பேருந்திலோ கழித்தார்கள். நாகர்கோவில்காரர்களுக்கு மட்டும் அவ்வேற்பாடு வசதியாக இருந்தது. 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமாயிற்று.